கமரேனா வழக்கு: ஒரு துறை பழிவாங்கப் புறப்பட்டபோது

போதைப்பொருள் தடுப்பு அதிகாரியை நாயகனாக வைத்து வரும் பழிவாங்கும் படங்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். கார்ட்டெல் தலைவன் ஒருவன் பிடிபட்ட சில நாளில் நாயகன் வீட்டில் துப்பாக்கிச் சூடு நடக்கும். மனைவி இறந்துபோவாள். அடக்கம், தாடி, குடி. மேலதிகாரி லீவில் போகச் சொல்வார். நாயகன் பேட்ஜைக் கழற்றி மேசையில் வீசிவிட்டு எல்லை தாண்டுவான். அப்புறம் எதிரிகள் ஒவ்வொருவராகச் சாவார்கள். இரண்டு மணி நேரத்தில் கணக்கு தீர்ந்துவிடும்.

அமெரிக்காவின் போதைப்பொருள் அமலாக்கத் துறையான டி.ஈ.ஏ.வுக்கு நிஜமாகவே அப்படி ஒரு துக்கம் 1985 பிப்ரவரியில் வந்தது. அங்கே செத்தவர் அதிகாரி, காத்திருந்தவர் மனைவி. பழிவாங்கக் கிளம்பியது ஒரு முழுத் துறை. பேட்ஜை யாரும் கழற்றவில்லை; அதை மாட்டிக்கொண்டே எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்தார்கள். 40 ஆண்டுகள் ஆகியும் வழக்கு முழுதாக முடியவில்லை. யார் கொன்றார்கள் என்பது இந்த வழக்கின் ஒரு பாதி. அந்தக் கோபம் நீதிமன்றத்துக்குள் நுழைந்து எதை மாற்றியது என்பது மறுபாதி. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

யார் இந்த கமரேனா

என்ரீக்கே கமரேனா சலாசர், நண்பர்களுக்கு கீக்கி. 1947இல் மெக்சிகோவின் மெக்சிகாலியில் பிறந்து, எல்லைக்கு இந்தப் பக்கம் கலிபோர்னியாவின் கலெக்சிகோவில் வளர்ந்தவர். அமெரிக்க மரைன் படையில் இருந்தார், தீயணைப்பு வேலை பார்த்தார், போலீஸ்காரர் ஆனார். 1974இல் டி.ஈ.ஏ.வில் சேர்ந்தார். அப்போது அந்தத் துறைக்கே ஒரு வயதுதான். 1980இல் குவாதலஹாராவுக்கு மாற்றலானார். மனைவியும் மூன்று மகன்களும் கூடவே போனார்கள்.

குவாதலஹாரா அலுவலகம் சின்னது. விரல் விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள்தான். எதிரே இருந்தது ரஃபேல் காரோ கின்தேரோ, எர்னஸ்தோ ஃபொன்செகா கரியோ, மிகேல் ஆங்கெல் ஃபெலிக்ஸ் கயார்தோ என்ற மூவரின் கூட்டணி. சினலோவா மலைப்பக்கத்திலிருந்து வந்து ஒரு பெருநகரத்தையே கையில் வைத்திருந்தவர்கள். டி.எஃப்.எஸ். என்ற மெக்சிகோ உளவுத்துறையின் அடையாள அட்டைகள் இவர்களுடைய ஆட்களின் சட்டைப்பையில் சாதாரணமாகக் கிடந்தன. டி.ஈ.ஏ. அதிகாரிகளுக்கோ மெக்சிகோ மண்ணில் கைது செய்யும் அதிகாரம்கூடக் கிடையாது. தகவல் திரட்டலாம், மெக்சிகோ போலீசிடம் கொடுக்கலாம், அவர்கள் ஏதாவது செய்வார்கள் என்று நம்பலாம். அந்தப் போலீசில் எத்தனை பேர் எதிராளியின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் ஓரளவு தெரியும்.

இப்படிப்பட்ட சூழலில் கமரேனாவும் மற்றவர்களும் கஞ்சா வயல்களைத் தேடினார்கள். ஆல்ஃபிரெதோ சவாலா என்ற மெக்சிகோ விமானி தன் சிறிய விமானத்தில் பறந்து உதவினார். 1984 நவம்பரில் சிவாவா மாநிலத்தில், பாலைவனத்துக்கு நடுவே இருந்த எல் புஃபலோ பண்ணையை மெக்சிகோ ராணுவம் சுமார் 450 பேருடன் சோதனையிட்டது. வயல், உலர்த்தும் கொட்டகைகள், ஆயிரக்கணக்கான கூலிகள் என ஒரு தொழிற்சாலையே அங்கே நடந்துகொண்டிருந்தது. பல ஆயிரம் டன் கஞ்சா எரிக்கப்பட்டது. காரோ கின்தேரோவுக்குப் பெருநஷ்டம். யார் காட்டிக்கொடுத்தது என்று அவர்கள் தேட ஆரம்பித்தார்கள். சந்தேகம் விழுந்த பெயர்களில் கமரேனாவும் ஒருவர். அந்தச் சோதனையில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் ஆளுக்கொரு கருத்து உண்டு. கொன்றவர்களுக்கு அந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை.

பிப்ரவரி 7

அன்று மதியம் மனைவியோடு சாப்பிடுவதாக ஏற்பாடு. கமரேனா தன் பேட்ஜையும் துப்பாக்கியையும் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து வெளியே வந்தார். ஐந்து பேர் அவரைச் சூழ்ந்து, தலையில் துணியைப் போட்டு, காருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். அதே நாளில் விமானி சவாலாவையும் தூக்கினார்கள்.

கொண்டுபோன இடம், குவாதலஹாராவின் வசதியான பகுதியில் லோபே தே வேகா தெரு, 881ஆம் எண் வீடு. காரோ கின்தேரோவுக்கு அந்த வீட்டை விற்றவர் ரூபென் சூனோ ஆர்சே, முன்னாள் அதிபர் லூயிஸ் எச்செவெரியாவின் மைத்துனர். வழக்கின் அரசியல் வாடை இந்த வீட்டுப் பத்திரத்திலிருந்தே தொடங்குகிறது.

30 மணி நேரத்துக்கும் மேல் சித்திரவதை. மண்டை ஓடும் விலா எலும்புகளும் உடைந்திருந்தன. விசாரித்தவர்கள் கேள்வி பதிலை ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். அந்த நாடாக்களில் சில பின்னாளில் அமெரிக்கர்கள் கைக்கு வந்தன. யார் உளவாளி, எந்த வயல் தெரியும், எந்தப் பெரிய மனிதரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறார்கள். பழிக்காக ஆத்திரத்தில் அடித்தது மட்டும் என்றால் பதிவு செய்யத் தேவையில்லை. தங்கள் மேல் என்னென்ன தகவல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு அவசரம் இருந்திருக்கிறது.

கமரேனா மயங்கிவிடாமல் இருக்க ஒரு மருத்துவர் ஊசி போட்டார் என்பது அமெரிக்கத் தரப்பின் குற்றச்சாட்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கின் மிகப் பெரிய சட்டச் சண்டை இந்த ஊசியிலிருந்துதான் வந்தது.

பிப்ரவரி 9 அன்று குவாதலஹாரா விமான நிலையத்தில் ஒரு தனி விமானம் கிளம்பத் தயாராக நின்றது. அதைச் சுற்றி ஆயுதம் தாங்கிய ஆட்கள். மெக்சிகோ கூட்டாட்சிப் போலீஸ் கமாண்டர் அர்மாந்தோ பவோன் ரேயஸ் அங்கே போனார், பேசினார், விமானத்தைப் போக விட்டார். உள்ளே இருந்தவர் காரோ கின்தேரோ. கூடப் போயிருந்த டி.ஈ.ஏ. அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவர் கையில் ஷாம்பெயின் பாட்டிலோடு வாசலில் நின்று போலீசை எள்ளி நகையாடினார் என்று டி.ஈ.ஏ.காரர்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். திரைக்கதை ஆசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று வெட்டியிருப்பார்கள்.

வாஷிங்டன் கத்தியது. பிப்ரவரி நடுவில் அமெரிக்கச் சுங்கத்துறை எல்லையில் ஒவ்வொரு வண்டியையும் சோதிக்க ஆரம்பித்தது. பெயருக்குத் தேடுதல் வேட்டை, உண்மையில் மெக்சிகோவின் கழுத்தைப் பிடித்த பிடி. மைல் கணக்கில் வண்டிகள் நின்றன. மெக்சிகோவில் அப்போதைய அமெரிக்கத் தூதர் ஜான் கேவின், முன்னாள் ஹாலிவுட் நடிகர். அதிபர் ரீகனும் அப்படியே. கேமரா முன்னால் கோபத்தைக் காட்டத் தெரிந்தவர்களுக்குக் குறைச்சல் இல்லை.

மண் சொன்ன சாட்சி

மார்ச் தொடக்கத்தில் மெக்சிகோ போலீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மிச்சோகான் மாநிலத்தில் எல் மரேஞோ என்ற பண்ணையில் கமரேனா இருக்கிறார் என்று அதில் இருந்தது. போலீஸ் போய், பண்ணைக்காரரையும் குடும்பத்தையும் சுட்டுக் கொன்றது. டி.ஈ.ஏ.வைக் கூட்டிப் போவதாக இருந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அப்போது உடல்கள் எதுவும் அங்கே கிடைக்கவில்லை. மார்ச் 5 அன்று அந்தப் பண்ணைக்கு அருகே சாலையோரத்தில் பிளாஸ்டிக்கில் சுற்றிய இரண்டு உடல்கள் கிடந்தன. கமரேனாவும் சவாலாவும்.

எளிதாக முடித்துவிடக்கூடிய கதைதான். கொலைகாரர்கள் பண்ணைக் குடும்பம், அவர்களும் செத்துவிட்டார்கள், கோப்பை மூடலாம். அதைக் கெடுத்தது மண். உடல்களில் ஒட்டியிருந்த மண்ணை எஃப்.பி.ஐ. ஆய்வுக்கூடம் எடுத்துப் பார்த்தது. பண்ணையைச் சுற்றியிருந்த மண் வேறு, உடலில் இருந்தது வேறு. உடலில் இருந்தது எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான மண். அதே கலவையைத் தேடிப் போனவர்கள் குவாதலஹாராவை ஒட்டிய பிரிமவேரா காட்டில் ஒரு குன்றுப் பகுதியை வந்தடைந்தார்கள். உடல்கள் முதலில் அங்கே புதைக்கப்பட்டு, பிறகு தோண்டி எடுக்கப்பட்டு, இன்னொரு மாநிலத்தில் கொண்டுபோய்ப் போடப்பட்டிருந்தன. போலீசின் உதவி இல்லாமல் இப்படி ஒரு நாடகம் நடந்திருக்க முடியாது என்ற முடிவுக்கு அமெரிக்கர்கள் வந்தார்கள்.

இந்த வழக்கில் தடயவியல் நன்றாக வேலை செய்த இடம் இதுதான். கெட்டுப்போன இடமும் ஒன்று உண்டு, அது பின்னால் வருகிறது.

ஏப்ரல் 4 அன்று காரோ கின்தேரோ கோஸ்தா ரிக்காவில் பிடிபட்டார். சில நாளில் ஃபொன்செகா புவெர்த்தோ வயார்த்தாவில் சிக்கினார். இருவருக்கும் மெக்சிகோ நீதிமன்றம் 1989இல் 40 ஆண்டுச் சிறை விதித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஃபெலிக்ஸ் கயார்தோவும் கைதானார். டி.எஃப்.எஸ். உளவுத்துறையை மெக்சிகோ 1985இலேயே கலைத்துவிட்டது. படமாக இருந்தால் இங்கே பெயர்கள் ஓடத் தொடங்கியிருக்கும்.

டி.ஈ.ஏ.வுக்கு இது போதவில்லை. சித்திரவதை அறையில் இருந்தவர்கள், உத்தரவு கொடுத்தவர்கள், மூடி மறைத்தவர்கள் என்று பட்டியல் நீளமாக இருந்தது. பலர் மெக்சிகோவில் நிம்மதியாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். 'ஆபரேஷன் லெயெந்தா' என்ற பெயரில் நடந்த விசாரணை டி.ஈ.ஏ. வரலாற்றிலேயே மிகப் பெரிய கொலை விசாரணை. 1989 முதல் அதை நடத்தியவர் எக்தோர் பெர்ரெயஸ் என்ற அதிகாரி, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து.

வேலியில் ஒரு இடைவெளி

முதல் ஒத்திகை அதற்கு முன்பே, 1986 ஜனவரியில் நடந்தது. ரெனே வெர்துகோ உர்கிதெஸ் என்பவரை மெக்சிகோ போலீஸ்காரர்கள் சிலர் பிடித்தார்கள். முகத்தை மூடி, கார் இருக்கையில் படுக்கவைத்து, எல்லைக்குக் கொண்டுபோய், வேலியில் இருந்த இடைவெளி வழியாக அந்தப் பக்கம் தள்ளினார்கள். அமெரிக்க மார்ஷல்கள் தயாராக நின்று கைது செய்தார்கள். பிடித்துக் கொடுத்தவர்களுக்குப் பணமும் அமெரிக்காவில் குடியேற இடமும் கிடைத்தன. அடுத்து, மெக்சிகோவில் அவருக்கு இருந்த வீடுகளை டி.ஈ.ஏ. சோதனையிட்டது. எந்த நீதிபதியிடமும் வாரண்ட் வாங்கவில்லை.

வெர்துகோ இதை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார். 1990 தீர்ப்பில் நீதிமன்றம் சொன்னது இவ்வளவுதான்: நியாயமற்ற சோதனையிலிருந்து காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம், அமெரிக்காவோடு தானாக விரும்பி எந்தப் பிணைப்பும் வைத்திராத வெளிநாட்டவரின் வெளிநாட்டுச் சொத்துக்குப் பொருந்தாது. ஒரு போதை வழக்கில் வந்த இந்த வாசகத்தின் எல்லை, இணைய வேவு பற்றிய விவாதங்கள் வரை நீண்டிருக்கிறது.

1988 ஏப்ரலில் ஹோண்டுராஸ். ஹுவான் ரமோன் மத்தா பயெஸ்தெரோஸ், குவாதலஹாரா கும்பலைக் கொலம்பியாவின் கொக்கெய்னோடு இணைத்தவர். அந்த நாட்டு அரசியலமைப்பு சொந்தக் குடிமகனைப் பிற நாட்டிடம் ஒப்படைக்க அனுமதிக்கவில்லை. ஆனாலும் விடியற்காலையில் வீட்டிலிருந்து தூக்கி, விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து தெகுசிகால்பாவில் கூட்டம் திரண்டு அமெரிக்கத் தூதரகத்தின் துணைக் கட்டடத்தைக் கொளுத்தியது. போதை வியாபாரிக்காக மக்கள் தெருவுக்கு வந்தார்கள் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. நம் நாட்டுச் சட்டத்தை இன்னொரு நாடு மிதித்துவிட்டது என்ற கோபம் அது.

1989 ஜூனில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகத்துக்குள் ஒரு சட்டக் குறிப்பு எழுதப்பட்டது. வெளிநாட்டில், அந்த நாட்டின் சம்மதம் இல்லாமலும் எஃப்.பி.ஐ. ஆளைக் கைது செய்யலாம், சர்வதேச சட்டம் தடை ஆகாது என்றது அது. எழுதியவர் வில்லியம் பார், பின்னாளில் இரண்டு அதிபர்களிடம் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர்.

மருத்துவர்

உம்பெர்தோ ஆல்வரஸ் மச்சாயின் குவாதலஹாராவில் மகப்பேறு மருத்துவர். கமரேனாவுக்கு ஊசி போட்டு விழிப்பில் வைத்திருந்தவர் இவர்தான் என்று டி.ஈ.ஏ. நம்பியது. 1990 ஜனவரியில் கமரேனா கதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் குறுந்தொடராக ஓடி, மெக்சிகோ அரசு எரிச்சலாகி எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தச் சமயத்தில்தான் மருத்துவரைக் கைமாற்றிக் கொடுக்க ஒரு பேரமும் நடந்தது. மெக்சிகோ தேடிய ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவரைக் கொடுங்கள், இவரைத் தருகிறோம் என்று மெக்சிகோ போலீஸ் தரப்பு கேட்டது. அது படியவில்லை.

பிறகு பெர்ரெயஸ் இடைத்தரகர்கள் மூலம் 50,000 டாலரும் செலவும் தருவதாகச் சொன்னார். 1990 ஏப்ரல் 2 அன்று ஆயுதம் தாங்கிய ஆட்கள் மருத்துவரின் கிளினிக்குக்குள் புகுந்தார்கள். அடுத்த நாள் அவர் தனியார் விமானத்தில் டெக்சாஸின் எல் பாசோவில் இறங்கினார். அங்கே டி.ஈ.ஏ. அதிகாரிகள் 'கைது' செய்தார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நீதிபதி எட்வர்ட் ரஃபீடி இதை ஏற்கவில்லை. இரு நாட்டுக்கும் 1978 முதல் கைதிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, அதை மீறி ஆளைத் தூக்கியிருக்கிறீர்கள், திருப்பி அனுப்புங்கள் என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. 1992 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் மாற்றிச் சொன்னது. தலைமை நீதிபதி ரெங்க்விஸ்ட் எழுதிய தீர்ப்பின் வாதம் வழக்கறிஞர்களுக்கே உரிய வாதம்: ஒப்பந்தத்தில் ஆளைத் தூக்கக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. எனவே தூக்கியது ஒப்பந்த மீறல் அல்ல. எனவே வழக்கு நடக்கலாம்.

இதற்குத் துணையாக நின்றது 1886ஆம் ஆண்டின் ஒரு பழைய தீர்ப்பு. இல்லினாய்ஸில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட கெர் என்பவரைப் பெருவிலிருந்து ஒரு தனியார் ஏஜெண்ட் தூக்கி வந்தார். ஒப்படைப்புக் காகிதங்கள் அவர் பையிலேயே இருந்தன. லிமா நகரம் அப்போது சிலியின் படைகள் வசம் இருந்ததால் யாரிடமும் நீட்டவில்லை. ஆள் எப்படி வந்தார் என்பது நீதிமன்றத்தின் கவலை அல்ல என்று அன்று முடிவானது. ஆனால் அந்த வழக்கில் தூக்கியவருக்குப் பின்னால் அமெரிக்க அரசு இல்லை. இங்கே கூலி கொடுத்ததே அரசு. மாறுபட்டு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் பிடித்துக்கொண்டது இந்த வித்தியாசத்தைத்தான். நிறவெறி ஆட்சி இருந்தபோதே தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று, அரசின் ஆட்கள் பக்கத்து நாட்டிலிருந்து தூக்கி வந்த ஒருவரை விசாரிக்க 1991இல் மறுத்ததை அவர் எடுத்துக் காட்டினார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அது எவ்வளவு சங்கடமான ஒப்பீடு என்று சொல்லத் தேவையில்லை.

மெக்சிகோ கொதித்தது. தன் மண்ணில் டி.ஈ.ஏ. செயல்பாட்டைச் சில நாள் நிறுத்திவைத்தது, பிறகு கடுமையான விதிகள் போட்டது. கூட்டாளியின் நம்பிக்கை இல்லாமல் வேலையே செய்ய முடியாத ஒரு துறைக்கு இது சின்ன இழப்பு அல்ல.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த வழக்கு என்ன ஆனது? 1992 டிசம்பரில் அரசுத் தரப்பு தன் சாட்சிகளை முடித்தது. மருத்துவர் தரப்பு ஒரு சாட்சியைக்கூட அழைக்க வேண்டியிருக்கவில்லை. இதில் ஊகமும் சந்தேகமும்தான் இருக்கின்றன, ஜூரியிடம் அனுப்பும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, அதே ரஃபீடி அவரை விடுவித்தார். ஆல்வரஸ் மச்சாயின் ஊருக்குத் திரும்பினார்.

குற்றமற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அறையில் அவர் இருந்தாரா என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியவில்லை, அவ்வளவே. ஆனால் வரிசையைப் பாருங்கள். ஆளைப் பிடிப்பதில் இருந்த வேகம் ஆதாரம் சேர்ப்பதில் இல்லை. பழிவாங்கும் படத்தில் நாயகனுக்கு யார் குற்றவாளி என்று எப்படியோ தெரிந்திருக்கும், நமக்கும் காட்டிவிடுவார்கள். தேட வேண்டியது ஆளை மட்டும்தான். லெயெந்தா அந்தத் திரைக்கதையை நிஜத்தில் நடத்திப் பார்த்தது.

அவர் நஷ்டஈடு கேட்டும் வழக்குப் போட்டார். தன்னைத் தூக்கியவர்களில் ஒருவரான சோசா என்ற முன்னாள் மெக்சிகோ போலீஸ்காரருக்கு எதிராக 25,000 டாலர் தீர்ப்பும் வாங்கினார். 2004இல் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. ஒரு நாளுக்கும் குறைவாக அடைத்துவைத்து அதிகாரிகளிடம் ஒப்படைத்தது, சர்வதேச வழக்காற்றுச் சட்டத்தை மீறியதாக வழக்குப் போடும் அளவுக்குப் போகாது என்றது. அமெரிக்காவில் மனித உரிமை வழக்கு போட வரும் வெளிநாட்டவர் எல்லோரும் இன்றும் இந்தத் தீர்ப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு அதிகாரியின் கொலை, அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரம் பேரின் வழக்குகளுக்கு வாசற்படி போட்டுவிட்டது.

முடிகள்

தடயவியல் கெட்டுப்போன இடம் என்று சொன்னேனே, அது இதுதான். லோபே தே வேகா வீட்டுக்குள் எஃப்.பி.ஐ. நிபுணர்களை விடுவதற்குள் மாதங்கள் ஓடியிருந்தன. சுவர்களுக்கு வண்ணம் அடித்து, சுத்தம் செய்து வைத்திருந்தார்கள். கிடைத்தவை சில முடிகள். அவற்றை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு எஃப்.பி.ஐ. நிபுணர் சாட்சி சொன்னார். சூனோ ஆர்சே, மத்தா பயெஸ்தெரோஸ் ஆகியோருக்கு எதிரான விசாரணைகளில் இந்த வகைச் சாட்சியம் இருந்தது.

முடி ஒப்பீடு பார்க்க அறிவியல் போல இருக்கும். இரண்டு முடிகள் ஒன்றுபோல் தெரிகின்றன என்று சொல்லலாம். இந்த முடி இந்த ஆளுடையதுதான் என்று சொல்ல அதில் அடிப்படை இல்லை. தன் நிபுணர்கள் பழைய வழக்குகளில் கொடுத்த சாட்சியத்தை எஃப்.பி.ஐ.யே மறுஆய்வு செய்து, பார்த்த விசாரணைகளில் குறைந்தது 90 சதவீதத்தில் பிழையான கூற்றுகள் இருந்ததாக 2015இல் ஒப்புக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக மத்தா மீதான கமரேனா வழக்குத் தீர்ப்பு ரத்தானது. போதை வழக்குத் தண்டனைகள் அவருக்குத் தனியாக இருந்தன. சூனோ ஆர்சே தான் குற்றமற்றவர் என்று சொல்லிக்கொண்டே 2012இல் அமெரிக்கச் சிறையில் இறந்துபோயிருந்தார்.

இன்னொரு பக்கம், இந்தக் கொலையில் சி.ஐ.ஏ.வுக்குத் தொடர்பு உண்டு என்று 2013இல் பெர்ரெயஸே வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். சி.ஐ.ஏ. மறுத்தது. லெயெந்தாவை நடத்தியவரே கடைசியில் தன் அரசாங்கத்தின் மேல் சந்தேகப்பட்டு நிற்கிறார். சாட்சிகள் பலர் காசு வாங்கியவர்கள், கதையை மாற்றியவர்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதை எடைபோட வேண்டும். எனக்கு அந்தக் குற்றச்சாட்டு நிரூபணமானதாகத் தெரியவில்லை.

பிடிபட்டவர், விடுபட்டவர், மறுபடி

2013 ஆகஸ்ட் 9, விடியுமுன். 28 ஆண்டு சிறையில் இருந்த காரோ கின்தேரோ ஹலிஸ்கோ சிறையிலிருந்து வெளியே நடந்தார். கமரேனா தூதரக அந்தஸ்து பெற்றவர் அல்ல, ஆகவே இது கூட்டாட்சி நீதிமன்றத்தில் அல்லாமல் மாநில நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு தீர்ப்பாயம் கண்டுபிடித்திருந்தது. அமெரிக்காவுக்குத் தகவல் எட்டும்போது ஆள் மலையேறிவிட்டார். மூன்று மாதத்தில் மெக்சிகோ உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. ஆள்தான் இல்லையே.

அமெரிக்கா முதலில் 50 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. 2018இல் அது 2 கோடி டாலர் ஆனது, எஃப்.பி.ஐ.யின் முதல் பத்துப் பேர் பட்டியலிலும் அவர் பெயர் ஏறியது. 2016இல் ஒரு மெக்சிகோ இதழுக்கு அளித்த பேட்டியில், கமரேனாவைத் தான் கொல்லவில்லை என்றார். 2022 ஜூலை 15 அன்று சினலோவாவின் சோயிக்ஸ் பகுதியில் மெக்சிகோ கடற்படை அவரைப் பிடித்தது. புதருக்குள் ஒளிந்திருந்தவரைக் காட்டிக்கொடுத்தது மாக்ஸ் என்ற மோப்ப நாய். அன்றே அந்த நடவடிக்கைக்குத் துணைபோன கடற்படை ஹெலிகாப்டர் விழுந்து 14 பேர் இறந்தார்கள். கமரேனா கணக்கில் இவர்களை யாரும் சேர்ப்பதில்லை. சுட்டுக் கொல்லப்பட்ட பண்ணைக் குடும்பத்தையும் சேர்ப்பதில்லை. விமானி சவாலாவே பாதி நேரம் ஒரு அடிக்குறிப்புதான்.

வியாபாரத்துக்கு என்ன ஆனது என்று கேட்கலாம். ஃபெலிக்ஸ் கயார்தோ உள்ளே போன பிறகு அவருடைய கூட்டணி டிஹுவானா, ஹுவாரெஸ், சினலோவா என்று உடைந்தது. உடைந்தவை ஒன்றோடொன்று மோதின. அந்த மோதலில் செத்தவர்களின் எண்ணிக்கைக்கு முன்னால் 1980களின் குவாதலஹாரா அமைதியான ஊராகத் தெரியும். தலைவனைச் சுட்டதும் கும்பல் கரைந்துவிடும் என்பது திரையில் மட்டும் நடப்பது.

கமரேனாவின் சொந்த ஊரில் நடந்தது வேறு மாதிரி. கலெக்சிகோவில் நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டார்கள். அது 1988இல் நாடு தழுவிய 'ரெட் ரிப்பன் வாரம்' ஆகி, இன்றும் ஒவ்வொரு அக்டோபர் கடைசியிலும் அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கிறது. டி.ஈ.ஏ.வில் சேரும் புதியவர்கள் எல்லோருக்கும் கீக்கியின் கதை தெரியும். ஒரு துறையின் அடையாளமே ஒரு மரணத்தைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. தாங்கள் பிறப்பதற்கு முன்பே நடந்த கொலைக்காகவும் அதன் அதிகாரிகள் கோபப்படுகிறார்கள்.

2025 பிப்ரவரி 27 அன்று மெக்சிகோ 29 பேரை ஒரே நாளில் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதில் காரோ கின்தேரோவும் ஒருவர், வயது எழுபதைத் தாண்டியிருந்தது. மறுநாள் புரூக்ளின் நீதிமன்றத்தில் டி.ஈ.ஏ. அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு மாட்டிய விலங்கு கமரேனாவுடையது என்று செய்திகள் வந்தன. தான் குற்றவாளி அல்ல என்று அவர் தரப்பில் பதிவு செய்யப்பட்டது.

விலங்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். சட்டம் படிப்பவர்கள் கவனித்தது வேறு. அவரை அனுப்பியது 1978 ஒப்பந்தத்தின் வழியாக அல்ல. ஒப்படைப்பை எதிர்த்து அவர் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். மெக்சிகோ அரசு அதைச் சுற்றிக்கொண்டு, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி விமானத்தில் ஏற்றியது. இந்த முறை தூக்கிக் கொடுத்தது சொந்த அரசாங்கமே என்பதால் நாடுகளுக்கிடையே சண்டை இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பாதுகாப்பு கேள்விக்குறியானது: மரண தண்டனை கிடைக்கும் என்றால் ஒப்படைக்க மெக்சிகோ மறுக்கலாம் என்ற பிரிவு. ஒப்பந்தத்துக்கு வெளியே வந்தவருக்கு அது பொருந்துமா? ஆல்வரஸ் மச்சாயின் வழக்கின் தர்க்கப்படி பார்த்தால் பதில் அவருக்குச் சாதகமாக இருக்காது. அந்தக் கேள்வி தீர்ப்பு வரை போகவில்லை. மரண தண்டனை கேட்கப்போவதில்லை என்று அரசு வழக்கறிஞர்கள் 2025 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவித்தார்கள்.